கரண்ட் இல்லாத நேரத்தில் உரசிய கம்பி

தாமுவே என்ற நகரப் பகுதியில் நானும் என் வீட்டுக்காரரும் ஒரு பழைய வேனில் டீக்கடை நடத்துகிறோம். பக்கத்து வேன் கடை மா திங் என்ற பெண்ணுடையது. கரண்ட் போனால் இரண்டு கடையிலும் பேட்டரியில் டிவி போடுவோம். அவள் டிவியில் பந்தாட்டம் பளிச்சென்று தெரியும். எங்களுடையதில் ‘சிக்னல் இல்லை’ என்ற எழுத்துதான் வரும். எங்களிடம் வாங்கிய டீயோடு ஆட்கள் அவள் கடைக்குப் போய் உட்காருவார்கள். எனக்குப் பொறாமை தாங்காது. அவளிடம் காரணம் கேட்கவும் வாய் வராது.

ஒருநாள் அப்படித்தான் கரண்ட் போனதும் படம் போனது.

“அவளோடதைவிட உசரமா ஆண்டெனாவைத் தூக்குங்க,” என்றேன்.

அவர் வேன் கூரையில் ஏறி, ஆண்டெனா கட்டிய இரும்புக் குழாயை உயர்த்தினார். அது மேலே போகும் மின்கம்பியில் உரசியது.

“அக்கா! அண்ணனை எறங்கச் சொல்லு! கரண்ட் எப்ப வரும்னு யாருக்குத் தெரியும்?” என்று மா திங் அலறினாள்.

அவர் குழாயோடு இறங்கிய சற்று நேரத்தில் தெருவிளக்குகள் எரிந்தன. நான் குழாயை அவர் கையிலிருந்து வாங்கிக் கீழே போட்டேன்.

மா திங் எங்கள் வேனுக்குள் எட்டிப் பார்த்தாள். “டிவி பேட்டரில ஓடுது, சிக்னலைக் கூட்டுற ஆண்டெனா பூஸ்டரை மட்டும் கரண்ட் லைன்ல சொருகியிருக்கே. கரண்ட் போனா அதுவும் தூங்கிடும். என்கிட்ட கேட்டா கடிச்சிடுவேனா?”

இப்போது பூஸ்டரும் பேட்டரியில்தான். படம் போனால் முதலில் அதன் வயரைப் பார்க்கிறேன். கரண்ட் இல்லாவிட்டாலும் மின்கம்பிக்கு அருகே குழாயைத் தூக்குவதில்லை. மா திங் போன வாரம் பெரிய டிவி வாங்கினாள். வயிறு எரியத்தான் செய்கிறது. அதற்காக என் வீட்டுக்காரரைக் கூரையில் ஏற்றமாட்டேன்.