ஏழாவது அடி

சனிக்கிழமை காலைகளில் துபாய் அல் குசைஸில் ஒரு மைதானத்தில் அமெரிக்கக் கால்பந்து ஆடுகிறோம். பெயர்தான் கால்பந்து, பந்தைக் கையால்தான் எறிய வேண்டும். எறிகிறவனுக்குக் குவார்ட்டர்பேக் என்று பெயர். ஓடிப்போய்ப் பிடிக்கிறவன் நான். அவனுக்கு முதுகைக் காட்டி ஏழு அடி எடுத்துவைத்து ஓடிவிட்டுச் சட்டென்று திரும்ப வேண்டும். திரும்புவதற்குள் பந்து கிளம்பியிருக்கும்.

நான் கிரிக்கெட்டில் வளர்ந்தவன். பந்திலிருந்து கண்ணை எடுத்ததற்காகத் திட்டு வாங்கியே பழகிய உடம்பு இது. போதாததற்கு, எறிகிறவன் தள்ளி இருக்கிற அஜ்மானிலிருந்து வருகிறவன். ஒரு நாளும் நேரத்துக்கு வந்ததில்லை. அவனை நம்பி எப்படி ஓடுவது? நாலாவது அடியிலேயே என் கழுத்து திரும்பிவிடும். அதைப் பார்த்ததும் எதிரணிக்காரன் குறுக்கே பாய்ந்து பந்தைத் தட்டிவிடுவான்.

"திரும்பாதீங்கண்ணே. ஏழாவது அடியில பந்து அங்க இருக்கும்" என்று எறிகிறவன் இரண்டு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தான்.

"மொதல்ல நீ டைமுக்கு வா" என்று எரிந்து விழுவேன்.

போன வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு ஓடினேன். நாலாவது அடியில் பிடரி குறுகுறுத்தது. திரும்பவில்லை. ஐந்தாவது அடி வைப்பதற்குள் முதுகில் படாரென்று பந்து விழுந்தது.

நேராக அவனிடம் போனேன். "ஏழுன்னுதானடா சொன்ன?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "நீங்க நாலுலயே திரும்பிருவீங்கன்னு நெனச்சுட்டேண்ணே."

அன்றைக்கு அவன் எனக்கு முன்பே மைதானத்துக்கு வந்து நின்றிருந்தான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.