ரயில் கதவும் சீனிமுகம்மது காக்காவும்

எங்கள் வீட்டுக்குள் நுழையுமுன் சீனிமுகம்மது காக்கா கதவின் கொண்டியை ஆட்டிப் பார்க்கிறார். "இது பிடிக்குமா தம்பி? பிடிக்காட்டிச் சொல்லுங்க, நான் வாசல் முத்தத்திலேயே நிண்டு கதைக்கன்." சொல்லிவிட்டு வலது கையை உயர்த்திக் காட்டுகிறார். சுட்டுவிரலும் நடுவிரலும் பாதியோடு நிற்கின்றன. எதிரே இருப்பவர் முகம் சுளிக்குமுன் அவரே சிரித்துவிடுவார். "மிச்சப் பாதி ரெண்டும் டிக்கட் இல்லாமக் கொழும்புக்குப் போயித்து. டிக்கட் எடுத்த நான் வாழைச்சேனையில இறங்கி ஆஸ்பத்திரியில கிடந்தன்."

மருதமுனைக்காரர். ஊர்த் தறிகளில் நெய்த சாரன்களை மூட்டை கட்டி, மட்டக்களப்பில் ரயிலேறிக் கொழும்புக் கடைகளுக்குக் கொண்டுபோவது தொழில். தாம் விற்கும் சாரனைத் தவிர வேறு எதையும் இடுப்பில் உடுத்தமாட்டார். "நான் நடக்கிற விளம்பரப் பலகை தம்பி. என்ன, பலகைதான் கொஞ்சம் கோணல்."

மகள் சுல்பிகாவுக்கென்று அவர் கட்டிய வீட்டின் கூரையை எழுபத்தெட்டாம் ஆண்டுச் சூறாவளி வாரிக்கொண்டு போனது. எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கொடுத்தால்தான் கலியாணம். மாப்பிள்ளை பேசியாயிற்று, வீடோ வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. அடுத்த வருஷம் விரல்கள் போனபோது, நட்டஈடு கேட்டால் கூரைக்கு ஆகும் என்று யோசனை சொன்னவன் நான். மனு எழுதியவனும் நான்தான். என் தமிழைப் படித்து நானே கண்கலங்கினேன். காக்கா மட்டும், "இதில வாற மனிசன் நானா தம்பி? பாவம் அவன்" என்றார்.

நடந்தது இதுதான். ரயில் பெட்டியில், திறந்த கதவை ஆடாமல் பிடித்து வைக்கும் கொக்கி உடைந்திருந்தது. மூட்டைகளோடு வாசலருகே புழுங்கிய காக்கா, காற்றுக்காகக் கதவைத் திறந்து, சாரன் கரைத் துண்டு ஒன்றால் கம்பியோடு சேர்த்துக் கட்டினார். ரயில் பிரேக் போட்டதும் கதவு பறந்து வந்து, நிலையைப் பிடித்திருந்த கையில் அறைந்தது. கொக்கி உடைந்தது ரயில் நடத்துகிறவர்களின் பிழை. ஓடும் ரயிலில் கதவைத் திறந்து கட்டியது பயணியின் பிழை. அது தெரிந்தால் சல்லிக்காசு கிடைக்காது. "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க காக்கா" என்று மட்டக்களப்புக்கு விசாரணைக்குப் போகும் வழியெல்லாம் படித்துப் படித்துச் சொன்னேன்.

எல்லாம் நன்றாகத்தான் போனது. விசாரித்த ரயில்வே ஐயா, கதவிலிருந்து எடுத்து மேசையில் போட்டிருந்த துணித்துண்டைப் பென்சில் நுனியால் தள்ளினார்.

"ஆரோ ஒருத்தன் உக்கல் துணியால கட்டிப்போட்டுப் போயிருக்கான். அது அறுந்து, பாவம், நீங்க அகப்பட்டிட்டீங்க."

சொல்லிவிட்டுப் பேனாவைத் திறந்தார். எனக்கு ஓட்டுக்கூரை கண்ணில் தெரிந்தது. காக்கா எழுந்துவிட்டார்.

"உக்கலா? சேர், அது எங்கட தறிச் சாரன்ட கரை! அறுந்திருக்கா, நுனியப் பாருங்க! முடிச்சுத்தான் கழண்ட. நான்தான் கட்டின. எனக்கு முடிச்சுப் போடத் தெரியா சேர், அதுக்குச் சாரனைக் குறை சொல்லாதீங்க!"

மேசைக்கடியில் நான் அவர் காலை மிதித்தேன். மிதிபட்டது ஐயாவின் கால் என்பது அவர் முகத்தைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது.

நட்டஈடு இல்லை. சுல்பிகாவின் கலியாணம் தென்னோலைக் கிடுகுக் கூரையின் கீழேதான் நடந்தது. மழை ஒழுகும்போதெல்லாம் காக்காவின் மனைவி கமீலா, "சாரன்ட மானம் காத்த மனிசன், வந்து சட்டியப் புடிங்க" என்று கூப்பிடுவார். இவரும் சட்டியோடு ஓடுவார். "வாய்க்கும் ஒரு கொக்கி வேணும் தம்பி. எனக்கு அதுவும் உடைஞ்சி கிடக்கு."

எனக்குத்தான் இன்னும் மனம் ஆறவில்லை. போன கிழமை கேட்டேவிட்டேன்.

"ஒரு சொல்லுக் கதைக்காம இருந்திருக்கலாமே காக்கா. அப்பிடி என்ன பெரிய துணி அது?"

அவர் சிரிக்கவில்லை. மூட்டையிலிருந்து புதுச் சாரன் ஒன்றை உருவினார். ஒரு கரையை என் கையில் தந்தார். மறு கரையைத் தம் வலது கையின் அரைவிரல்களில் சுற்றிக்கொண்டார்.

"இழுங்க."

இழுத்தேன்.

"சோறு திண்ட ஆள் மாதிரி இழுங்க தம்பி."

காலை ஊன்றிக்கொண்டு இரண்டு கையாலும் இழுத்தேன். துணிக்கு ஒன்றும் ஆகவில்லை. வலியில் அவர் கண்கள் நிறைந்துவிட்டன.

"இன்னம்" என்றார், பிடியை விடாமல்.