ஆணிவாயரின் ஈறு

ஆணிவாயர் என்று சொன்னால்தான் அந்தக் கடைத்தெருவில் ஆளைத் தெரியும். சோபாவுக்கு உறை மாட்டுகிறவர். இருபது குட்டை ஆணிகளை வாயில் அள்ளிப் போட்டுக்கொண்டு, நாக்கால் ஒவ்வொன்றாகத் திருப்பி, கொண்டைப்பக்கம் முன்னால் வரும்படி உதட்டுக்குத் தள்ளுவார். காந்தச் சுத்தியல் அதைக் கவ்வும். மறுநொடி ஆணி மரச்சட்டத்தில் இருக்கும். முப்பத்தோரு வருடத்தில் ஓர் ஆணியைக்கூட விழுங்கியதில்லை. அதில் அவருக்கு இருந்த கர்வம் கொஞ்சநஞ்சமல்ல, இருக்கட்டுமே, வேறு யாரால் முடியும்?

சர்க்கரை நோய் என்று தெரிந்த அன்றே இனிப்புக்குக் கும்பிடு போட்டார். ஆறு வருடமாக மாத்திரை நேரம் தவறியதில்லை, காலை நடை நின்றதில்லை. சர்க்கரைதான் இறங்குவேனா என்று அடம் பிடித்தது. மூன்று மாதச் சராசரி சொல்லும் ரத்தப் பரிசோதனையில், ஏழுக்குள் இருக்க வேண்டியது ஒன்பதை ஒட்டியே நின்றது. அதே பட்டறையில் உறை தைக்கும் அவர் மனைவி, துவைக்கப் போடும் சட்டைப் பைகளை மிட்டாய்க் காகிதம் இருக்கிறதா என்று துழாவத் தொடங்கினாள்.

"ஏங்க, எங்கிட்ட மறைக்காதீங்க. வழியில எதாவது வாங்கித் தின்னுட்டு வர்றீங்களா?"

"சத்தியமா இல்லம்மா."

"அப்ப தானாவா ஏறுது?"

அவளிடம் ஒரு பொய்கூடச் சொல்லாத மனிதருக்கு, சர்க்கரையைவிட அந்தக் கேள்விதான் உடம்பை அரித்தது.

வேலை முடிந்து வாய் கொப்பளித்தால் தண்ணீர் சிவப்பாக வரும். வேறு யாராக இருந்தாலும் பதறியிருப்பார்கள். இவருக்குத்தான் குற்றவாளி கையோடு, இல்லை, வாயோடு இருக்கிறதே! ஆணி குத்தியிருக்கும் என்று துப்பிவிட்டுப் போய்விடுவார். காலையில் பல் தேய்க்கும்போது வரும் ரத்தத்துக்கும் அதே ஆணிதான். புண் ஆறட்டும் என்று அந்தப் பக்கம் தேய்ப்பதையும் விட்டுவிட்டார். அங்கேதான் கெட்டது காரியம்.

ஒருநாள் ஆணியைத் தள்ளிய நாக்கு பட்டு, கீழ் முன்பல் ஒன்று லேசாக ஆடியது. சர்க்கரை டாக்டரிடம் ஆணியைத்தான் குறை சொன்னார். வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்த டாக்டர், "ஆணி ஈறு முழுக்கவா குத்தும்?" என்று கேட்டுப் பல் மருத்துவரிடம் அனுப்பினார்.

பல் மருத்துவ அம்மாள் மெல்லிய கம்பியால் ஒவ்வொரு பல்லைச் சுற்றியும் ஈறு எவ்வளவு விலகியிருக்கிறது என்று அளந்தாள்.

"ஐயா, இது ரொம்ப நாளா இருக்கற ஈறு நோய். சர்க்கரை ஏறினா ஈறு கெடும். ஈறு கெட்டுக் கிடந்தா, நீங்க எவ்வளவு பத்தியம் இருந்தாலும் சர்க்கரை லேசுல இறங்காது."

ஆணிவாயர் கூட வந்திருந்த மனைவியைப் பார்த்தார். அவள் தன் கைப்பையைப் பார்த்தாள்.

ஈறுக்கு அடியில் நான்கு தவணையாகச் சுத்தம் செய்தார்கள். மென்மையான பிரஷ்ஷால் இரு வேளை, பல்லிடுக்குக்குத் தனியாக ஒரு குட்டிப் பிரஷ். முதல் வாரம் ரத்தம் வந்தும் விடவில்லை. இதெல்லாம் அவருக்குப் பெரிதில்லை. வாயில் இனி ஆணி கூடாது என்றதுதான் நெஞ்சில் அடித்தது. இரண்டு நாள் முகம் தொங்கியது. மூன்றாம் நாள் மணிக்கட்டில் காந்தப் பட்டை கட்டி, அதில் ஆணிகளை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தார். கை பழக ஒரு மாதமானது. வாய் காலியானதும் மனிதர் பேசத் தொடங்கினார் பாருங்கள், தையல் மிஷின் சத்தமே கேட்கவில்லை.

மூன்று மாதம் கழித்து எடுத்த ரத்தப் பரிசோதனையில், எட்டு புள்ளி ஒன்று. பல்லும் நிலைத்துவிட்டது.

"இன்னும் இறங்கணும், மாத்திரைய விட்றாதீங்க. ஈறு மட்டுந்தான் காரணம்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா உங்க பக்கம் ஒரு குறையும் இல்ல" என்றார் டாக்டர்.

மறுநாள் பட்டறைக்கு டீ கொண்டுவந்த கடைக்காரர், "சர்க்கரைதான் இறங்கிடுச்சே, இன்னிக்கு ஒரு ஸ்பூன் போட்டுடவா?" என்று கண்ணடித்தார்.

மனைவி மிஷினை நிறுத்தினாள்.

"அவர் விட்டேன்னா விட்டதுதான். ஆறு வருஷமா தொட்டதில்ல. சந்தேகப்பட்ட நானே சொல்றேன்."

ஆணிவாயர் குனிந்துகொண்டார். அடித்த ஆணி கோணிப்போயிற்று. பிடுங்கிவிட்டு, பட்டையிலிருந்து இன்னொன்றை எடுத்தார்.