பூனை டீச்சரின் நடை

தேர்வு நாட்களில் கணக்கு டீச்சர் வகுப்பு வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிடுவார். அதைக் காலாலேயே சுவரோரம் தள்ளிவிட்டு, வெறுங்காலோடு பெஞ்சுகளுக்கு நடுவே நடப்பார். யார் கண்ணாவது அலைந்தால் பின்னால் போய் நிற்பார். அதட்டமாட்டார். பெஞ்சின் ஓரத்தில் ஒரு விரலை வைப்பார், அவ்வளவுதான். தப்பு செய்த பிள்ளைக்குக் கழுத்து விறைக்கும். செய்யாத பிள்ளை திரும்பி அசடு வழியும். இரண்டுக்குமுள்ள வித்தியாசம் அவருக்கு அத்துப்படி. பிள்ளைகள் அவருக்குப் பூனை டீச்சர் என்று பெயர் வைத்திருந்தார்கள். அது காதில் விழாதவர்போல் இருந்துகொண்டார்.

பள்ளியைப் பூட்டிப் பாடத்தைக் கணினிக்கு மாற்றிய வருடம் அந்த நடைக்கு வேலையில்லாமல் போயிற்று. முழுப்பரீட்சை மேற்பார்வையும் சமையலறை மேசையில்தான். திரையில் கட்டம் கட்டமாகக் குனிந்த தலைகள். ஒரு கட்டத்தில் மட்டும் முகமில்லை. தலைமையாசிரியர் என்ற எழுத்து மட்டும். விதி அவர் போட்டது: பார்வை விலகினால் இரண்டு எச்சரிக்கை, மூன்றாவது தடவை தாள் ரத்து. ரத்தானால் அதே வகுப்பில் இன்னொரு வருடம்.

கீச்சுக் குரலால் கீச்சு என்றே ஆகிப்போன பெண்ணின் கண் அன்றைக்கு நிலைகொள்ளவில்லை. ஒரு வரி எழுதுவாள், இடப்பக்கம் கீழே பார்ப்பாள். இடது கையும் மேசைக்கு அடியில்.

"கீச்சு, தாளைப் பாரும்மா."

"சரிங்க டீச்சர்."

மறுபடியும் பார்த்தாள். இரண்டாவது எச்சரிக்கையும் போயிற்று. தலைமையாசிரியரிடமிருந்து தனிச் செய்தி வந்தது: 'அடுத்தது மூணு.'

டீச்சர் எழுந்தார். செருப்பை உதறினார். மெதுவாக நாலடி நடந்தார். எதிரே ஃப்ரிட்ஜ் நின்றது. அதன் ஓரத்தில் விரலை வைத்தபிறகுதான் எங்கே நிற்கிறோம் என்பது உறைத்தது.

அடுப்படியில் நின்ற கணவர் குரலைத் தாழ்த்தினார். "என்ன, ஃப்ரிட்ஜும் காப்பியடிக்குதா?"

டீச்சர் ஓடிவந்து உட்கார்ந்தார். கீச்சுவின் கண் அதே மூலையில் இருந்தது.

தலைமையாசிரியரின் குரல் எல்லா வீட்டுக்குள்ளும் கேட்டது. "பார்த்தீங்கல்ல டீச்சர்?"

தலைகள் நிமிர்ந்தன.

"ஒரு நிமிஷம் சார். கீச்சு, ரெண்டு கையையும் மேல தூக்கு."

"டீச்சர், வேணாம் டீச்சர். தூக்குனா..."

"காரணம் சொல்லாத. தூக்கு."

கை மெல்ல மேலே வந்தது. வெறுங்கை. டீச்சருக்கு மூச்சு திரும்புவதற்குள் அந்தக் கட்டம் இருண்டது. பேரையும் காணோம்.

"மாட்டிக்கிட்டதும் ஆளே எஸ்கேப்," என்றார் தலைமையாசிரியர். "ரத்துன்னு போட்ருங்க."

தேர்வு முடிந்ததும் டீச்சர் கீச்சுவின் வீட்டு எண்ணை அழைத்தார். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. மறுநாளும் அப்படியே. பிறகு தலைமையாசிரியரை அழைத்தார்.

"ரத்துன்னு போட மாட்டேன் சார். பக்கத்துல போய் நிக்காம இதுவரை நான் யாரையும் பிடிச்சதில்ல."

"அவ உங்களை நல்லா ஏமாத்துறா."

"ஏமாந்தா என்னைக் கேளுங்க."

கடைசியில் தலைமையாசிரியர் இறங்கிவந்தார். "திங்கக்கிழமை பள்ளிக்கூடம் திறக்குது. புதுத் தாள். நானும் வந்து நிப்பேன். அதுவரைக்கும் அவகிட்ட எந்தக் கதையும் கேக்காதீங்க."

திங்கட்கிழமை கீச்சு தனியாக ஒரு பெஞ்சில் உட்கார்ந்து எழுதினாள். தலைமையாசிரியர் வாசலில் கை கட்டி நின்றார். கால்வாசித் தாள்கூட முடிந்திருக்காது. அவள் இடது கை பெஞ்சுக்கு அடியில் நழுவியது. கண்ணும் கூடவே போயிற்று.

வாசலில் ஒரு செருமல்.

டீச்சர் வெறுங்காலோடு போய் அவள் பின்னால் நின்று குனிந்து பார்த்தார். சீட்டு இல்லை, புத்தகம் இல்லை. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றுமில்லாத இடத்தை இறுக்கிப் பிடித்திருந்தன. பெஞ்சில் விரலை வைத்தார். கீச்சு திரும்பினாள், அசடு வழிந்தாள். டீச்சர் தலைமையாசிரியரைப் பார்த்து இல்லை என்று தலையசைத்தார். அவரும் வந்து குனிந்து பார்த்துவிட்டு வெளியே போனார்.

தாளை வாங்கிக்கொண்டபிறகுதான் டீச்சர் கேட்டார். "அங்க என்னத்தப் பிடிச்சிக்கிட்டிருந்த?"

"பழக்கம் டீச்சர். பரீட்சைக்கு வச்சிருந்த வீட்டு போன்ல பேட்டரி போச்சு. மேசைக்கு அடியில இருக்குற பிளக்குல சார்ஜர் பின்னும் லூசு. அழுத்திப் பிடிச்சிக்கிட்டே இருந்தாத்தான் சார்ஜர்ல லைட் எரியும். விட்டா போன் செத்துரும்." கொஞ்சம் தயங்கினாள். "அன்னைக்கு நீங்க கையைத் தூக்கச் சொன்னீங்க."