படிக்கட்டுக்குக் கீழே நாற்பதில் ஒரு பங்கு

வெறும் மனையில் கட்டுகிறவன் மண்ணோடு மட்டும் பேசினால் போதும். பழைய கட்டடத்துக்குள் புதிதாக ஒன்றை வரைகிறவன் அங்கே ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறவர்களோடும் பேசியாக வேண்டும்.

கல்யாண மண்டபத்தைப் பள்ளிக்கூடமாகவும், பள்ளிக்கூடத்தை ஆஸ்பத்திரியாகவும் மாற்றித் தரச் சொல்லி மாட்டிக்கொண்ட சக பொறியாளர்களே, உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கடலூர் மஞ்சக்குப்பத்தில் என் அலுவலகம். குடிகாட்டில் ஒரு ரசாயனக் கிடங்கு வரைந்து கொடுத்த நாளிலிருந்து, ஆபத்தான சங்கதி எதுவானாலும் இவரிடம் கொடுக்கலாம் என்று எனக்கு ஒரு பெயர். அந்தப் பெயர்தான் என்னைச் சிதம்பரத்துக்கும் புவனகிரிக்கும் நடுவே உள்ள ஒரு தனியார் பல்கலைக்கழகத்துக்கு இழுத்துப் போனது. அங்கே தாவரவியல் துறையின் பழைய கட்டடத்தில், கீழ்த்தளத்து மூலை அறையைக் கதிர்வீச்சு ஆய்வகமாக மாற்ற வேண்டும். இரண்டாண்டுக்குள் நடந்தவற்றில் சிலவற்றை மட்டும் எழுதுகிறேன்.

பெயர்ப்பலகை

ஆய்வகம் கேட்டவர் பேராசிரியர் ஸ்டெல்லா. நிலக்கடலை விதையின்மேல் எக்ஸ்ரே கதிரைப் பாய்ச்சி, அதிலிருந்து வறட்சி தாங்கும் செடி ஏதாவது முளைக்கிறதா என்று பார்ப்பது அவருடைய ஆராய்ச்சி. ஓர் அறைக்காகப் பதினோரு ஆண்டுகள் மனு எழுதியவர். நான் போனபோது அறை தயாராகுமுன்பே பெயர்ப்பலகை தயாராகி, சுவரில் சாய்ந்து நின்றது: ‘கதிரியக்க ஆய்வகம்’.

எனக்கு அப்படியே விட்டுவிட்டுப் போகத் தெரியாது. கதிரியக்கம் என்பது சில பொருள்கள் தாமாகவே கதிரை உமிழும் குணம், நீங்கள் வாங்கப்போவது மின்சாரத்தில் ஓடும் இயந்திரம், சுவிட்சை அணைத்தால் அதில் கதிர் ஒன்றுமில்லை, ஆகவே ‘கதிர்வீச்சு’ என்பதுதான் சரி என்று கால் மணி நேரம் விளக்கினேன். இப்படி எழுதினால் பக்கத்து அறைக்காரர்கள் வீணாகப் பயப்படுவார்கள் என்றும் சேர்த்துக்கொண்டேன். அவர் கடைசிவரை பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்: “சார், பேரு எதுவா வேணா இருக்கட்டும். நான் ரிட்டயர் ஆவறதுக்குள்ள ரூம் ரெடி ஆவுமா, அத சொல்லுங்க.”

அடைத்த ஜன்னல்

கட்டடத்தின் மூல வரைபடம் ஏதோ ஒரு மழை வெள்ளத்தில் போய்விட்டது. எக்ஸ்ரே அறைக்குச் சுவரின் கனம்தான் உயிர். அளக்கச் சுலபமான வழி, துளை போடுவது. அதற்கு முன்னால், துறையில் நீண்டகாலமாக இருக்கும் அலுவலக உதவியாளர் முருகேசனைக் கேட்டேன். எல்லாம் கோட்டைச் சுவர் சார், பீரங்கி வைத்தாலும் அசையாது என்றார். அப்படிச் சொல்லிக்கொண்டே தன் சாவிக்கொத்தால் சுவரைத் தட்டிக் காட்டினார். டொக், டொக், டொக், பிறகு ஓரிடத்தில் மட்டும் டப்.

பூச்சை உரித்தால், உள்ளே ஒரு முழு ஜன்னல். கம்பியைக்கூடக் கழற்றாமல், செங்கல்லை ஒற்றை வரிசையாக நிறுத்திவைத்து அடைத்துப் பூசியிருந்தார்கள். அந்தச் சுவருக்கு வெளியேதான் மாணவர்களின் சைக்கிள் ஸ்டாண்டு. நான் முருகேசனைத் திரும்பிப் பார்த்தேன். அவர் கொஞ்சமும் கலங்காமல் சொன்னார்: “ஜன்னலா இருந்தப்ப காத்து வரலன்னு கம்ப்ளெயிண்டு பண்ணுவாங்க சார். அடச்சப்புறம் ஒருத்தரும் ஒண்ணும் கேக்கல.”

தங்கல் பங்கு

இந்த வகை அறைக்கு ஒரு விசித்திரமான கணக்கு உண்டு. சுவருக்கு அந்தப் பக்கம் யார், ஒரு நாளில் எவ்வளவு நேரம் இருக்கிறார் என்பதைப் பொறுத்துத்தான் இந்தப் பக்கம் எவ்வளவு ஈயத் தகடு வைப்பது என்று முடிவாகும். அந்தப் பக்கம் அலுவலகம் என்றால் முழு நேரம். தாழ்வாரம் என்றால் ஐந்தில் ஒரு பங்கு. கழிப்பறைக்கு இருபதில் ஒரு பங்கு. படிக்கட்டுக்கும் விளக்குமாறு வைக்கிற இடத்துக்கும் நாற்பதில் ஒரு பங்கு. ஆங்கிலத்தில் இதற்கு இருக்கும் சொல்லை நான் ‘தங்கல் பங்கு’ என்று தமிழாக்கினேன். அந்தச் சொல் அமைந்த சந்தோஷத்தில் ஒரு வாரம் திளைத்தேன். ஆட்களைப் போய்ப் பார்க்க ஒரே ஒரு பகல் ஒதுக்கினேன்.

நோட்டுப் புத்தகத்தோடு அறையைச் சுற்றி வந்தேன். ஒரு பக்கம் கதவும் தாழ்வாரமும். ஒரு பக்கம் சைக்கிள் ஸ்டாண்டு. இன்னொரு பக்கம் அலுவலகக் கண்காணிப்பாளர் தணிகாசலத்தின் அறை. நான்காவது பக்கம் படிக்கட்டுக்குக் கீழே ஒரு பொந்து. அதில் ஒரு வாளி, இரண்டு விளக்குமாறு, ஒரு பினாயில் கேன். ஆள் இல்லை. நாற்பதில் ஒரு பங்கு என்று எழுதினேன். இயந்திரத்தின் கதிர் ஏதாவது ஒரு சுவரை நோக்கிப் பாய்ந்தாக வேண்டும் அல்லவா? ஆள் தங்காத அந்தச் சுவரையே நோக்கித் திருப்பினேன்.

தணிகாசலத்தின் நாற்காலியும் அன்று காலியாகத்தான் இருந்தது. நான் அங்கே போன பன்னிரண்டு முறையில் இரண்டு முறைதான் அவரை அதில் பார்த்திருக்கிறேன். ஆனால் அது அலுவலகம். மாலையில் டீக்கடையில் அவரைப் பிடித்து, ஒரு நாளில் எவ்வளவு நேரம் இருக்கையில் இருப்பீர்கள் என்று கேட்டேன். அவர் டீ கிளாஸை வைத்துவிட்டுச் சொன்னார்: “எட்டு மணி நேரமும் அந்தச் சேர்லதான் சார் இருக்கேன். சந்தேகமா இருந்தா அட்டெண்டன்ஸ பாருங்க.”

தினசரி காலண்டர்

ஈயம் மெத்தென்ற உலோகம். ஆணி அடித்தால் எதிர்ப்பே காட்டாமல் வழிவிடும். அதனால் தகடு பதித்து, மேலே ஒட்டுப்பலகையை ஒட்டிய பிறகு, அந்தச் சுவர்களில் யாரும் ஒரு குண்டூசிகூடச் செருகக்கூடாது என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி ஒட்டினேன். மறுநாள் போனால், என் அறிவிப்புக்குச் சரியாக ஒரு சாண் மேலே மூன்றங்குல ஆணி. அதில் நாள் கிழிக்கிற காலண்டர், அன்றைய தேதி ஒழுங்காகக் கிழிக்கப்பட்டு.

பலகையைக் கழற்றி, துளையின் மேல் வேறு தகடு வைத்து மூட அரை நாள் ஆனது. அதுவரை முருகேசன் காலண்டரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றார். “அவ்வளவு பெரிய மிஷின நல்ல நேரம் பாக்காமயா சார் எறக்குவீங்க?” என்றார்.

அந்தாண்ட

ஈயத் தகடு பதித்தவர் பாஷா. கடலூர் முதுநகர்க்காரர், ஆஸ்பத்திரி எக்ஸ்ரே அறைகள் பல செய்தவர். இயந்திரத்தின் அடிமேடைக்குக் கான்கிரீட் போட்டு, போல்ட்டுகளையும் அதில் பதித்து முடித்த மறுநாள், அவருக்கும் அவர் கூட்டாளிக்கும் ஒரு சின்ன வாக்குவாதம். “நீ சொல்லு மச்சான்.” “ஒங்கிட்டதான சார் பேசறாரு, நீ சொல்லு.” கடைசியில் பாஷாவே வந்தார்.

படிக்கட்டுப் பக்கத்துச் சுவருக்கு ஈயம் கம்மியாக இருக்கிறதே, கணக்கு சரிதானா என்று கேட்டார். அங்கே ஆள் தங்குவதில்லை, ஆகவே அவ்வளவு போதும் என்று நான் தங்கல் பங்கை விளக்க ஆரம்பித்தேன். ஐந்தில் ஒரு பங்குக்கு வந்தபோது அவர் குறுக்கிட்டார். “கணக்கெல்லாம் எனக்கு ஜாஸ்தி தெரியாது சார். அந்தாண்ட ஒரு அக்கா பொடவைய விரிச்சுப் படுத்துருக்காங்க, அவுங்கள எழுதினீங்களான்னுதான் கேக்கறேன்.”

பூட்டு

அவர் பெயர் அஞ்சலை. அந்தக் கட்டடத்தைக் கூட்டித் துடைப்பவர். காலை ஆறு மணிக்குப் புவனகிரியிலிருந்து பஸ்ஸில் வருவார். ஒன்பதரைக்கு முதல் வேலை முடியும். அடுத்த வேலை மூன்று மணிக்கு. நடுவே வீட்டுக்குப் போய்த் திரும்பினால் பஸ்ஸிலேயே பொழுது போய்விடும் என்பதால், அந்த ஐந்தரை மணி நேரமும் படிக்கட்டுக்குக் கீழேதான். அங்கேதான் சாப்பாடு, தூக்கம், மாற்றுப் புடவை. வாளிக்குப் பின்னால் ஒரு கைக்கண்ணாடிகூட இருந்தது. நான் நோட்டுப் புத்தகத்தோடு வந்த அன்று அவர் மகளுக்குப் பிரசவம்; விடுப்பு.

அஞ்சலையைச் சேர்த்தால் என் கணக்கு தப்பு. ஈயத்தைக் கூட்டலாம், அல்லது மேடையை உடைத்துக் கதிரை வேறு பக்கம் திருப்பலாம். எதைச் செய்தாலும் புதிய வரைபடம், புதிய மனு, மீண்டும் அனுமதிக்காக ஆறு மாதம். ஸ்டெல்லா மேடத்துக்கு ஓய்வு நெருங்கிக்கொண்டிருந்தது. தாமதத்தை அவர் தாங்கமாட்டார் என்று நானே முடிவு செய்தேன். மூன்றாவதாக ஒரு வழி இருந்தது. படிக்கட்டுக்கு அடியில் கிரில் கதவு வைத்துப் பூட்டிவிட்டால் அங்கே யாரும் தங்க முடியாது. யாரும் தங்காவிட்டால் நான் எழுதியது உண்மை.

பூட்டுகிற அன்று அஞ்சலையிடம் நானே போய்ச் சொன்னேன். உங்கள் நல்லதுக்குத்தான், வேறு இடம் பார்க்கக் கண்காணிப்பாளரிடம் சொல்லியிருக்கிறேன் என்றேன். அவர் கண்ணாடியை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டே கேட்டார்: “எனக்கு ஒண்ணும் ஆவக்கூடாதுன்னுதான் பூட்டறீங்க, அது தெரியுது சார். நான் எங்க உக்கார்றதுன்னு அந்தப் பேப்பர்ல எதனா எழுதிருக்கா?”

ஆய்வு அதிகாரி

அனுமதி தரும் அலுவலகத்திலிருந்து வந்த அதிகாரி நல்ல மனிதர். ஒவ்வொரு சுவரின் பின்னாலும் போய் நின்று, என் அட்டவணையோடு ஒப்பிட்டுப் பார்த்தார். தணிகாசலம் அன்று நாற்காலியில் இருந்தார், அதுவும் சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு. படிக்கட்டருகில் வந்த அதிகாரி கிரில்லை ஒரு தடவை ஆட்டினார். பூட்டு அசையவில்லை. உள்ளே வாளிகூட இல்லை.

அவர் கையெழுத்துப் போட்டுவிட்டு என் கையைக் குலுக்கினார். “எல்லாரும் இப்படி உள்ளத உள்ளபடி எழுதினா எங்களுக்கு வேலையே இல்ல சார்.”

இருபதில் ஒரு பங்கு

இயந்திரம் நல்ல நேரத்தில் இறங்கியது. முதல் தொகுதி விதைகள் முளைத்தன. நான்கைந்து மாதம் கழித்து, ஈயக் கதவின் கனம் தாங்காமல் கீல் இறங்கிவிட்டதென்று கூப்பிட்டார்கள். ஐப்பசி மழை. வேலை முடிந்து, கை கழுவத் தாழ்வாரத்தின் கோடிக்குப் போனேன். பெண்கள் கழிப்பறையின் வெளிக்கதவு திறந்திருந்தது. உள்ளே நுழைந்ததும் வாஷ்பேசின் இருக்கும் அந்த முன்பகுதியில், கவிழ்த்த வாளியின்மேல் அஞ்சலை உட்கார்ந்திருந்தார். மடியில் டிபன் பாக்ஸ்.

எனக்கு அந்த நேரத்தில் அட்டவணைதான் ஞாபகம் வந்தது: கழிப்பறைக்கு இருபதில் ஒரு பங்கு. கணக்குப்படி அவருக்கு நான் ஒரு படி உயர்வு தந்திருக்கிறேன். இதைச் சிரிப்பாக எழுதுகிறேன். அப்போது சிரிப்பு வரவில்லை. கண்காணிப்பாளர் இடம் பார்க்கவில்லையா என்று கேட்டேன். பாக்கறேன்னாரு, இன்னும் பாத்துக்கினுதான் இருக்காரு என்றார். தணிகாசலத்தின் அறைச் சுவரில்தான் அந்தக் கட்டடத்திலேயே அதிக ஈயம்; அது காலி நாற்காலி ஒன்றைக் காத்துக்கொண்டிருந்தது. அஞ்சலையே என்னைச் சமாதானப்படுத்தினார்: “இங்க பூட்டமாட்டாங்க சார். இது எல்லாருக்கும் வேணுமே.”

ஆறு மாதம்

அன்றே ஸ்டெல்லா மேடத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நாற்றுத் தட்டுகளுக்கு எண் எழுதிக்கொண்டிருந்தார். பேனாவை மூடினார். ஏன் அப்போதே என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டார். உங்கள் ஓய்வு, ஆறு மாதத் தாமதம் என்று ஆரம்பித்தேன். “பதினோரு வருஷம் காத்திருந்தவளுக்கு ஆறு மாசமா சார் பெருசு? மிஷின திருப்பி வைங்கன்னு சொல்லிருப்பேன். நீங்க கேக்கவே இல்லியே” என்றார். கோபப்பட்டிருந்தால் எனக்குத் தேவலாம் போலிருந்தது.

பிறகு அவரே எழுந்து போய் அஞ்சலையைக் கூட்டிவந்தார். தன் அறையில் பீரோவுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, இனிமேல் மத்தியானத்தில் இங்கேயே இருந்துகொள் என்றார். அஞ்சலை வாசற்படியைத் தாண்டவில்லை. நாற்காலியைப் பார்த்தார், நாற்றுகளைப் பார்த்தார், கடைசியாக என் கையில் இருந்த நோட்டுப் புத்தகத்தைப் பார்த்தார். “வேணாம் மேடம், ஒங்க எதுர்ல எனக்குச் சோறு எறங்காது. அதுவும் இல்லாம, நான் இங்க உக்காந்தா சார் மறுபடியும் கணக்கு போட வந்துடுவாரு.”

அந்த ஆய்வகத்தின் கணக்கில் இன்றுவரை ஒருவரும் ஒரு பிழைகூடக் கண்டுபிடிக்கவில்லை என்பதுதான் எனக்குப் பெரிய உறுத்தல்.