வெயிலுக்கு ஊறுகாய் போட முடியாது என்றவர்

"வெயிலுக்கு ஊறுகாய் போட இந்த பல்கேரியாவுல இன்னும் ஒருத்தனும் பொறக்கலடா! பொழுது சாஞ்சப்புறம் அந்தப் பேட்டரிப் பெட்டி ஒரே ஒரு குடைமிளகாயச் சுட்டுக் காட்டட்டும், தோலோட காம்போட தின்னுடறேன்!"

மதுக்கடை அதிர இப்படி முழங்கியவர் ஜாப்ரியான். ஊர்க்கோடி சூரிய மின்நிலையத்தில் அவருக்கு மகத்தான உத்தியோகம். உச்சி வெயிலில் மின்சாரம் வாங்க ஆளில்லாமல் போய்விட்டால் தலைமை அலுவலகம் போன் செய்யும். அவர் எழுந்துபோய் நிலையத்தை நிறுத்துவார். சூரியனையே அணைக்கிறவர் என்று ஊரில் பட்டப்பெயர். சூட்டியவரும் அவரேதான்.

அந்த மகுடத்தில் மண் விழுந்தது, வெள்ளைப் பேட்டரிப் பெட்டிகளாக. மிஞ்சும் மின்சாரம் இப்போது அவற்றுக்குள் போனது. போன் ஒலிக்கவில்லை. அவரோ கடமை தவறாமல் அதைத் தினமும் துடைத்து வைத்தார்.

பொறியாளர் ராலித்சா நயமாகத்தான் சொன்னாள்: "அண்ணே, நிறுத்துற வேலை இனி இல்ல. பேட்டரியப் பாத்துக்க ஒரு ஆள் வேணும். சாவிய வாங்கிக்கிறீங்களா, வேற ஆளத் தேடட்டுமா?"

"அந்தச் சவப்பெட்டிங்களுக்கு நான் காவலா?"

"வெள்ளிக்கிழமைக்குள்ள யோசிச்சுச் சொல்லுங்க."

அவர் யோசிக்கவில்லை. யோசிப்பது தோல்வியை ஒப்புக்கொள்வதாகிவிடுமே.

அது செப்டம்பர். குளிர்காலத்துக்கு மிளகாய் விழுது கிண்டிவைக்காத வீட்டை அங்கே யாரும் வீடாக மதிப்பதில்லை. வேலை முடிந்து வந்ததும் வீட்டுக்கு வீடு முற்றத்தில் மிளகாய் சுடும் கரண்ட் அடுப்பைச் செருகுவார்கள். சுமை தாங்காமல் ஊரின் டிரான்ஸ்பார்மர் உயிரை விடும். வருடா வருடம் நடக்கிற திருவிழாதான். இந்த வருடம் வியாழக்கிழமை சாயங்காலம் நடந்தது.

மனைவி ஸ்தமெனா கழுவி வைத்த மிளகாய்க் கூடையோடு நின்றாள்.

"ஜாப்ரியான், நாளைக்கு வச்சா எல்லாம் அழுகிடும். ஊரே இருட்டு, உன் பிளாண்ட்ல மட்டும் விளக்கு எரியுது பாரு."

"ஏதோ மிச்சம் மீதி எரியுது."

"எதோட மிச்சம்? சூரியன்தான் அப்பவே தூங்கப் போயிட்டானே. நீ போய் எழுப்பிக் கூட்டிட்டு வர்றியா?"

உலகத்தை ஆண்ட மன்னர்கள் பலர் இதைவிடச் சின்னக் கேள்விக்கு முடி துறந்திருக்கிறார்கள். ஜாப்ரியான் அடுப்பைத் தூக்கி அக்குளில் இடுக்கிக்கொண்டு நடந்தார். கூடையோடு ஸ்தமெனா பின்னால். ராலித்சா நிலைய அறையைப் பூட்டிக்கொண்டிருந்தாள்.

"சாவியக் குடும்மா."

"மிளகாய்க்கா அண்ணே, வேலைக்கா?"

அவர் பெட்டிகளைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

"ரெண்டுக்குந்தான்."

அடுப்புக் கம்பி சிவந்தது. முதல் மிளகாய் தோல் கருகி, மணத்தோடு வெளியே வந்தது. ஸ்தமெனா தோலுரிக்கக் கை நீட்டுவதற்குள் அவர் அதை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

"தோலோடவா? காம்பு வேற இருக்கே!"

"சத்து" என்றார் ஜாப்ரியான், மென்றபடியே.