கண்ணாடிப் பெட்டிக்குள் போன ரஷ்யப் புத்தகம்

பூட்டிய கண்ணாடிக்குள் ஒரு புத்தகத்தைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுசாக முடித்த முதல் ஆள் நான். அப்பா ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் மாமாவின் ஹோட்டலில் தோசை மாஸ்டர். மாமா என்றால் அம்மாவின் ஒன்றுவிட்ட அண்ணன். எங்களை அமெரிக்காவுக்கு அழைத்து வந்தவர், அதை அடிக்கடி நினைவுபடுத்துபவர்.

எனக்கு ஒன்பது வயதிருக்கும். யாரோ வீடு காலிசெய்து தெருவோரம் வைத்துப்போன பெட்டியிலிருந்து அப்பா ஒரு பழைய புத்தகத்தை எடுத்துவந்தார். முதல் பக்கத்தில் பத்மாசனத்தில் ஒரு சாமியார் படம். அது போதாதா? அம்மா குங்குமம் வைத்துச் சாமி அலமாரியில் ஏற்றிவிட்டாள்.

அது ரஷ்ய மொழி என்று சொன்னவர் மேல்மாடியில் குடியிருந்த ரஷ்ய ஆன்டி. நம் நாட்டு யோக நூல் ஒன்றின் மிகப் பழைய மொழிபெயர்ப்பாம். இப்போது வழக்கில் இல்லாத எழுத்துகள்கூட அதில் இருந்தனவாம். தன் ஊரில் இதையெல்லாம் ஒளித்துவைத்துப் படித்த காலம் உண்டு என்றார்.

அதிலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் விளக்கேற்றியதும் ஆன்டி இறங்கிவந்து ஒரு பக்கம் வாசிப்பார். அப்பாவும் அம்மாவும் கைகூப்பி நிற்பார்கள்.

“ஒண்ணுமே புரியலையேம்மா.”

“கோயில்ல ஐயர் சொல்றது மட்டும் புரியுதாக்கும்? பேசாம கும்பிடு.”

ஒருநாள் மாமா வந்தார். புத்தகத்தைப் பார்த்தார், போனில் எதையோ தேடினார். குரலே மாறிவிட்டது.

“மாப்ளே, இது ரேர் புக்கு! இதுல போய் குங்குமத்த அப்பி வெச்சிருக்கீங்களே. உங்க வீட்ல இருந்தா நாசமாயிடும். நான் சேஃபா வெச்சிக்கறேன்.”

அப்பா இரண்டு கையாலும் எடுத்துக் கொடுத்தார்.

ஊரில் இல்லாத கொலு, மாமாவுக்கு இங்கே வந்த பிறகு ஒன்பது படியாக முளைத்திருந்தது. அந்த நவராத்திரிக்கு அதன் பக்கத்திலேயே கண்ணாடிப் பெட்டிக்குள் எங்கள் புத்தகம். வந்தவர்களிடமெல்லாம், “எங்க ஃபேமிலி கலெக்‌ஷன்” என்றார். அம்மா ஆன்டியையும் கூட்டிவந்திருந்தாள். ஆன்டி குனிந்து, திறந்திருந்த இரண்டு பக்கங்களையும் கண்ணாடி வழியாகவே வாசித்தார். முடித்துவிட்டு மாமாவை நிமிர்ந்து பார்த்தார்.

“ஒன் மோர் பேஜ், ப்ளீஸ்?”

“நோ, நோ. டச் பண்ணக் கூடாது. ஆன்டிக் பீஸ்!”

நாங்கள் படிக்கத் தெரியாமல் கும்பிட்டோம், சரி. வாசிக்க வந்தவரைத் தடுத்தோமா? ஓரெழுத்தும் தெரியாத மனிதர், அங்கே அதைப் படிக்கத் தெரிந்த ஒருவரைப் பார்த்துத் தொடாதே என்கிறார்! பொறுக்கமாட்டாமல் கத்திவிட்டேன்.

“இட்ஸ் மை டாட்ஸ் புக்! யூ ஸ்டோல் இட்!”

சுண்டல் பாத்திரத்தோடு வந்த அப்பா என் தலையில் ஒரு குட்டு வைத்தார். “சின்னப் பையன், மச்சான். தெரியாம பேசறான்.”

மாமா சிரித்தார். “பரவால்ல மாப்ளே. நல்லாத்தான் வளத்திருக்கீங்க.”

அடுத்த வாரம் வேலைவிட்டு வந்த அப்பாவிடம் மாவு வாசனை இல்லை. விரல்கள் தண்ணீரில் ஊறிச் சுருங்கியிருந்தன.

“பாத்திரம் கழுவுற பக்கம் போட்டுட்டாங்கடா. அடுப்புச் சூடு இல்ல, ஜில்லுனு இருக்கு” என்றார்.

அம்மா அவர் கைகளுக்குத் தேங்காயெண்ணெய் தடவினாள். எனக்கோ பெருமை தாங்கவில்லை. நான் போட்ட சத்தத்தில் வெட்கப்பட்டுத்தான் மாமா அப்பாவுக்குச் சுகமான வேலையாகப் பார்த்துக் கொடுத்திருக்கிறார் என்று நினைத்தேன்.